மொத்தமாகக் கட்டினால் பாதி விலை

கடைக்குள் நுழைந்ததும் ஒட்டடையின் கண்ணில் பட்டவை தலைகள்தான். அலமாரி முழுக்கப் பொம்மைத் தலைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு விக். நீளமுடி, குட்டைமுடி, நெற்றியில் விழும் முடி. எல்லாம் ஒரே திசையில் அவனையே பார்த்தன.

"பாஸ், இத்தனை தலை இருக்கு, ஒண்ணுகூட ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்கல. இந்த மாதிரி கிளையண்ட்தான் நமக்குத் தோது."

"உயிரோட இருக்கிறவங்க கேட்பாங்க. வாயை மூடிக்கிட்டு வா," என்றார் துப்பறிவாளர்.

ஆறடிக்கு மேல் உயரமும், அதற்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத அகலமும் கொண்டவன் என்பதால் அவனுக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஒட்டடைக்குச்சி என்று பெயர் விழுந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அது ஒட்டடையாகச் சுருங்கியது. முன்பு தொலைபேசியில் கிரெடிட் கார்டு விற்றுக்கொண்டிருந்தவன். துப்பறிவாளரோ ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. காப்பீட்டுக் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த மூக்கை வைத்துத் தனியாகக் கடை போட்டவர். அதிகம் பேசமாட்டார். அவர் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து ஒட்டடை பேசுவான்.

விக் கடைக்காரம்மா தையல் மேஜையிலிருந்து எழுந்து வந்தார். தோளுக்குக் கீழே புரளும் முடி. அது சொந்த முடி என்பதை அடிக்கடி தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்கிற கை. பேச்சை வளர்க்காமல் லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெப்சைட். ஒரே படங்கள், ஒரே வார்த்தைகள், ஒரே நிறம். கடையின் பெயரும் போன் நம்பரும் மட்டும் வேறு.

"இடது பக்கம் என்னுது. வலது பக்கம் எவனோ நகல் எடுத்துப் போட்டிருக்கான். போன மாசம்தான் கண்ணுல பட்டுச்சு. ஆர்டர் பாதியாக் குறைஞ்சு போச்சு மேடம். அதைக்கூட விட்டுடுவேன். இதை எப்படி விடுறது?"

வலது பக்கத்தில் ஒரு இணைப்பை அழுத்தினார். ஒரு புகைப்படம் விரிந்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால், முடியே இல்லாத தலையோடு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். அது அவரேதான். படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில், 'எங்களிடம் விக் வாங்கிய ஒரு வாடிக்கையாளரின் அனுபவம்' என்று போட்டிருந்தது.

ஒட்டடைக்கு வாயில் வந்த ஜோக் தொண்டையோடு நின்றுபோனது.

"ட்ரீட்மெண்ட் நடந்தப்போ எழுதினது. எனக்கு முடி கொட்டினது, அப்புறம் எனக்கு நானே விக் தைச்சது எல்லாம். என்கிட்ட வர்றவங்க பாதிப் பேரு அந்த நிலைமையிலதான் வர்றாங்க. படிச்சா தைரியமா இருக்கும்னு எழுதினேன். ஆனா பப்ளிஷ் பட்டனை அமுக்க எனக்கே தைரியம் வரல. டிராஃப்டாவே கிடந்துச்சு. உலகத்துல யாருக்கும் காட்டினதில்ல. இவருக்குக்கூட."

'இவர்' என்று அவர் காட்டிய கணவர் மூலையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். ஒரே டீ பேக்கை ஒரு கோப்பையில் முக்கி, அடுத்த கோப்பைக்கு மாற்றி, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் கடத்திக்கொண்டிருந்தார். நான்காவது கோப்பை ஒட்டடைக்கு வந்தது. வெந்நீருக்கு டீயின் நினைப்பு மட்டும் இருந்தது.

"எல்லாம் அந்தச் சுருட்டைதான்," என்றார் கணவர். "இங்கே வேலை பார்த்த பொண்ணு. ரெண்டு மாசம் முன்னாடி சண்டை போட்டுட்டுப் போனா. போலீஸ்ல கம்ப்ளெயிண்ட் குடுன்னு நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

"சாயங்காலம் போறோம்," என்றார் கடைக்காரம்மா. "அதுக்கு முன்னாடி ஒரு தடவை நீங்க பார்த்துச் சொன்னா எனக்கு நிம்மதி. என் கையில வேலை கத்துக்கிட்ட பொண்ணு. எனக்கு ஏன் இப்படிப் பண்ணினான்னு தெரியணும்."

கணவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. கணவனும் மனைவியும், இரண்டு பேரும் மொட்டைத் தலையோடு, கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிக்கிறார்கள். ஒட்டடை அதையே பார்ப்பதைக் கவனித்த கடைக்காரம்மா, "எனக்கு முடி போன அன்னைக்கு இவரும் போய் எடுத்துட்டு வந்துட்டார்," என்றார். கணவர் வெட்கத்தோடு தலையைத் தடவிக்கொண்டார். இந்த ஆள் எவ்வளவு மட்டமான டீ போட்டாலும் குடிக்கலாம் என்று ஒட்டடைக்குத் தோன்றியது.

துப்பறிவாளர் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இந்தப் பக்கத்தோட கடைசி வரியைப் படிங்க."

கடைக்காரம்மா குனிந்து படித்தார். "முடி திரும்பி வருமா, நான் திரும்பி வருவேனா, இரண்டும் தெரியவில்லை." நிமிர்ந்தார். "இதை நான் எப்பவோ அழிச்சுட்டேனே. முடி முளைக்க ஆரம்பிச்சதுமே மாத்திட்டேன். என்னோடதுல இப்ப வேற இருக்கு, பாருங்க. முடி வந்துவிட்டது, நானும் வந்துவிட்டேன்னு."

"சுருட்டை எப்போ வேலைக்குச் சேர்ந்தா?"

"எனக்கு முடி கழுத்து வரைக்கும் வந்தப்புறம்..." சொல்லிக்கொண்டே வந்தவரின் கை முடியிலேயே நின்றுவிட்டது.

"அவ வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பழைய வரி உலகத்துல இல்ல. இல்லாததை எப்படித் திருடுவா? நீங்க படுக்கையில இருந்தப்பவே யாரோ நகல் எடுத்து வெச்சிருக்காங்க. வெளியே விட்டது மட்டும்தான் இப்போ. அந்தக் கம்ப்ளெயிண்டை மறந்துடுங்க." துப்பறிவாளர் டீயைத் தொடாமல் எழுந்தார். "அப்போ பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. அப்புறம் சைட் கட்டிக் கொடுத்தவருக்கு. பணம் கட்டுறது இவர்தான், ஆனா இவருக்கு கம்ப்யூட்டர்னாலே அலர்ஜி."

"அப்போ அந்த சைட்காரன்தான்," என்றார் கணவர் உடனே.

*

சைட்காரர் ஒரு மாடி அறையில் குடியிருந்தார். அதுவே வீடு, அதுவே ஆபீஸ். கதவைத் திறந்ததும் முதலில் உதட்டில் விரலை வைத்தார். தோளில் ஒரு கைக்குழந்தை வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் தூங்கினா. எழுந்தா இன்னைக்கு நமக்குப் பேச்சே கிடையாது. மெதுவாக் கேளுங்க."

ஆகவே விசாரணை முழுவதும் கிசுகிசுப்பில் நடந்தது. மிரட்டலாகக் கேட்க வேண்டிய கேள்வியைக்கூடத் தாலாட்டு மாதிரி கேட்க வேண்டியிருந்தது ஒட்டடைக்கு.

"சைட்டை நீங்கதான் திருடினீங்களா?" என்று கிசுகிசுத்தான்.

"நான் கட்டின சைட்டை நான் எதுக்குத் திருடணும்? வேணும்னா இன்னொண்ணு கட்டிக்கிட்டுப் போறேன்." சைட்காரர் நகல் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார். முகம் மாறியது. "இது அவங்க டிராஃப்டா? இதை எந்தத் திருடனும் போடமாட்டான் மேடம். பார்த்ததும் மாட்டிக்குவோமே. தெரியாமப் போட்டிருக்காங்க. சைட்டை மொத்தமா நகல் எடுக்க ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கினா டிராஃப்டும் சேர்ந்து வந்துடும். அப்புறம் யாரோ விவரம் தெரியாம 'எல்லாத்தையும் பப்ளிஷ் பண்ணு'ன்னு அமுக்கியிருக்காங்க."

"அந்த பட்டன் எல்லா இடத்துலயும் உண்டா?"

"எங்கே? நான் சொன்ன மூணுல ரெண்டுலதான் உண்டு."

"எந்த மூணு?"

குழந்தை சிணுங்கியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அது தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டதும் சைட்காரர் தொடர்ந்தார்.

"படுத்துக்கிட்டே ஆர்டர் எடுக்கணும், ஒரு சைட் வேணும்னு அந்தம்மா கேட்டாங்க. சைட் கட்டுற பிளாட்ஃபார்ம் கம்பெனி மூணைச் சொன்னேன். முதலாவது சல்லிசு. நாலு பக்கம், ஒரு ஆர்டர் ஃபார்ம், அவங்களுக்கு அதுவே தாராளம். ரெண்டாவது அதைப்போல ரெண்டு மடங்கு. நகல் எடுக்கலாம், இன்னொரு ஆளைச் சேர்த்துக்கலாம். மூணாவது பெரிய கடைகளுக்கு."

"சின்னவன், நடுவுலவன், பெரியவன்," என்றான் ஒட்டடை. அண்ணன் தம்பி மூன்று பேருக்குப் பெண் பார்க்கிற மாதிரி அவனுக்குச் சுலபமாகப் புரிந்துவிட்டது.

"அந்தம்மா புருஷன் வந்து உட்கார்ந்தார். அப்படி ஒரு அலசு அலசினார் பாருங்க. முதல் வருஷச் சலுகை முடிஞ்சா எவ்வளவு ஏறும், பேருக்குத் தனிக் காசா, மெயிலுக்குத் தனிக் காசா, கார்டுல கட்டினா எவ்வளவு பிடிப்பான்... மறைச்சு வெச்சிருக்கிற செலவையெல்லாம் நோண்டி வெளியே எடுத்துட்டார். எனக்கே தெரியாததெல்லாம் கண்டுபிடிச்சார். சரி, சின்னவனைத்தான் எடுக்கப் போறார்னு நினைச்சேன். நடுவுலவனை எடுத்துட்டார்."

"கம்ப்யூட்டர் அலர்ஜின்னு சொன்னாங்களே?" என்றான் ஒட்டடை.

"அவருக்கா? அக்கவுண்டே அவர்தான் திறந்தார், அவர் பேர்ல. இன்னொண்ணு கேளுங்க. மூணு வருஷத்துக்கு மொத்தமாக் கட்டினா பாதி விலைதான் சார்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மாட்டேன்னுட்டார். மாசாமாசம் கட்டுறேன்னார். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான். ரசீது எனக்குத்தான் வருது."

துப்பறிவாளர் சட்டென்று நிமிர்ந்தார். "இன்னைக்கு வரைக்கும்?"

"ஆமா. மாத்திக்கச் சொல்லி நானும் அலுத்துட்டேன்."

அதற்குமேல் துப்பறிவாளர் எதையும் கேட்கவில்லை. தூங்கும் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

*

தெருவில் இறங்கியதும் ஒட்டடை சண்டைக்கு நின்றான். "பாஸ், நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரியுது. அந்த ஆள் பொண்டாட்டிக்காக மொட்டை போட்டவர். எனக்கு அப்படி ஒருத்தி வாய்ச்சா நான் புருவத்தைக்கூட எடுக்கமாட்டேன்."

"ஒரு டீ பேக்கை நாலு பேருக்குக் கடத்தின மனுஷன், தேவையே இல்லாத நகல் பட்டனுக்கு ரெண்டு மடங்கு விலை கொடுத்திருக்கார். ஏன்?"

"நகல் எடுக்கத்தான்," என்றான் ஒட்டடை, அரைமனதாக.

"உன் பழைய வேலையை ஞாபகம் இருக்கா? அந்த நகல் சைட் நம்பருக்குப் போன் போடு. நீ வேற ஒரு பிளாட்ஃபார்ம் கம்பெனிக்காரன். இப்ப கட்டுறதுல பாதி விலைக்குத் தர்றேன்னு சொல்லு."

"அவ்வளவுதானா? யாருன்னு கேட்க வேண்டாமா?"

"கேட்டா சொல்லமாட்டான். மலிவா வாங்கினவன்கிட்டப் போய் அதைவிட மலிவுன்னு சொல்லிப் பாரு, தானாச் சொல்லுவான்."

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒட்டடை நம்பரைப் போட்டான். குரலில் பழைய வெண்ணெய் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. "வணக்கம் சார், உங்க வெப்சைட்டுக்கு மாசம் எவ்வளவு சார் கட்டுறீங்க? அதுல பாதி விலைக்கு நாங்க..."

மறுமுனையில் ஓர் ஆண் சிரித்தான். "வேற ஆளைப் பாருப்பா. என்கிட்ட நடக்காது. மூணு வருஷத்துக்கு மொத்தமா அண்ணன் எப்பவோ கட்டிட்டார். பாதி விலை. உங்க கம்பெனியையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாப் பார்த்துட்டுத்தான் எடுத்தார்."

"பெரிய கெட்டிக்காரரா இருக்காரே சார் உங்க அண்ணன்."

"பின்னே? அண்ணிக்கு உடம்பு முடியாம இருந்தப்போ வாங்கிப் போட்டது. அப்புறம் அதுக்கு வேலை இல்லாமப் போச்சு. இன்னும் கொஞ்ச மாசத்துல கெடு முடியுது, கட்டின காசு வீணாப் போகுதேடா, நீயாவது நடத்துன்னு குடுத்தார். நானும் ஒரு கடையைத் திறந்துட்டேன்."

ஒட்டடை போனை வைத்தான். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் துப்பறிவாளரும் கேட்டிருந்தார்.

"காசு வீணாப் போகுதுன்னு திருட்டை வெளியே விட்ட ஆளை இப்பத்தான் பாஸ் பார்க்கிறேன்," என்றான். சிரிக்கத்தான் சொன்னான், சிரிப்பு வரவில்லை. தன்னையே யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது. அந்த மொட்டைத் தலைப் படம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

துப்பறிவாளர் எழுந்தார். "அங்கே போய் நகலைப் பத்தி மட்டும் பேசுவோம். அந்தம்மா கேட்டது அதைத்தான். மத்தது வேண்டாம்."

"மத்ததுன்னா?"

"வேண்டாம்னா வேண்டாம். வா."

*

கடைக்காரம்மா ஒரு விக்கைப் பொம்மைத் தலையில் கவிழ்த்து வாரிக்கொண்டிருந்தார். துப்பறிவாளர் நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். நகல் எடுத்தது யார், மலிவான கம்பெனியே போதும் என்று சைட்காரர் சொல்லியும் விலை கூடியதை எடுத்தது ஏன், கடை நடத்துவது யாருடைய தம்பி, போனில் என்ன சொன்னான். சீப்பு மேஜையில் வைக்கப்பட்டது. கடைக்காரம்மா திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

கணவர் மறுக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது.

"உனக்கு ஏதாவது ஆயிட்டா கடை என்ன ஆகும்னு பயந்து போயிருந்தேன். தம்பி பார்த்துக்குவான்னு ஒரு நகல் எடுத்து வெச்சேன். உன்னை நம்பி வர்றவங்க நடுத்தெருவுல நிக்கக் கூடாதுல்ல? அப்புறம் நீ எழுந்துட்டே. அது சும்மா கிடந்துச்சு. அந்தப் போட்டோ அதுல இருந்தது சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சா விட்டிருப்பேனா?"

"அப்போ சுருட்டை மேல ஏன் பழி போட்டீங்க?"

"பயம். நீ கேட்டதும் என்ன சொல்றதுன்னு தெரியல."

கடைக்காரம்மா மேஜையில் கிடந்த சீப்பிலிருந்து சிக்கிய முடியைப் பிரித்தெடுத்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க. நானே எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பேனே. உங்க தம்பிக்குத் தானே." துப்பறிவாளர் பக்கம் திரும்பினார். "பரவாயில்ல மேடம். முதல்ல அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்றேன். சுருட்டைகிட்ட மன்னிப்புக் கேட்கணும். மத்தபடி, என் மேல இருந்த கவலையிலதானே பண்ணியிருக்கார்."

துப்பறிவாளர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கைப்பையை எடுத்தார். ஒட்டடைக்கு உயிர் வந்தது. ஆள் கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். படத்தில் சிரித்த மொட்டைத் தலை பொய் இல்லை. அறையில் தேங்கியிருந்த கனத்தை இறக்கிவிட வேண்டும் என்று அவனுக்கு நாக்கு துறுதுறுத்தது.

"சாரைக் கஞ்சன்னு நினைச்ச என் வாயை நானே கழுவிக்கணும்மா. தம்பிக்கு வாங்கினதை மூணு வருஷம் மொத்தமாக் கட்டிப் பாதி விலையில முடிச்சுட்டார். உங்களுக்கு மட்டும் மாசாமாசம், முழு விலை கொடுத்துக் கட்டுறார். வீட்டுக்காரம்மான்னா சார் தாராளம்தான்."

யாரும் சிரிக்கவில்லை. துப்பறிவாளர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் ஒட்டடைக்குத் தான் சொன்னது என்னவென்று புரிந்தது. வேண்டாம் என்று அவர் தெருவில் சொன்ன அந்த 'மத்தது' இதுதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"மாசாமாசமா?" என்றார் கடைக்காரம்மா. "என்னோடதுக்கா?"

கணவர் தரையைப் பார்த்தார்.

"தம்பி கடைக்கு மூணு வருஷம். எனக்கு ஒவ்வொரு மாசமா." கணக்குத் தெரியாதவர் மாதிரி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "ஒரு ரப்பர் பேண்டைக்கூடத் தூக்கிப் போடமாட்டீங்களே. பாதி விலையை ஏங்க விட்டீங்க?"

"டாக்டர்... அப்போ டாக்டர் நம்பிக்கையாச் சொல்லல. மூணு வருஷம்னு கட்டிட்டு, அது..."

"வீணாப் போயிடும்னு."

கடைக்காரம்மா சுவரில் இருந்த படத்தை ஒரு தடவை பார்த்தார்.

"நீங்க அழுதது பொய் இல்ல. ராத்திரியெல்லாம் பக்கத்துல உட்கார்ந்திருந்ததும் பொய் இல்ல. எனக்குத் தெரியும். அழுதுகிட்டே கணக்கும் போட்டிருக்கீங்க. சரி, அன்னைக்கு டாக்டர் சொன்னார், விடுங்க. நான்தான் பொழைச்சு வந்துட்டேனே. தையல்ல உட்கார்ந்துட்டேனே. முடி இவ்வளவு வளர்ந்துடுச்சே." படத்திலிருந்து திரும்பிக் கணவரை நேராகப் பார்த்தார். "இப்பவும் மாசாமாசம்தானே கட்டுறே?"

இத்தனை நேரம் 'நீங்க' என்று வந்த வாயிலிருந்து அந்த ஏகவசனம் விழுந்ததும் கணவர் அடிபட்டவர் போல நிமிர்ந்தார். ஒவ்வொரு மாதமும் பணம் கட்டும்போது அவர் என்ன நினைத்திருப்பார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கடைக்காரம்மா கைப்பையைத் திறந்து தன்னுடைய கார்டை எடுத்தார். லேப்டாப்பை ஒட்டடை பக்கம் தள்ளினார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் விசைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்த மலிவான கம்பெனி எது? எனக்குத் தேவையானது அதுலயே இருக்குன்னு சைட்காரர் சொன்னாராமே."

"சின்னவன்மா."

"என் பேர்ல ஒண்ணு திறங்க. அஞ்சு வருஷத்துக்குக் கட்ட முடியுமா?"

"மூணுதான்மா அதிகபட்சம்."

"அப்போ மூணு போடுங்க. அந்தப் பக்கத்தையும் அங்கே ஏத்திடுங்க, போட்டோவோட. டிராஃப்ட்ல வேண்டாம். ஊரே பார்த்தாச்சு, இனிமே என் பேர்ல பார்க்கட்டும்."

ஒட்டடை தட்டச்சு செய்தான். கார்டு நம்பரை அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எண்ணாக அடித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை.

பணம் கட்டும் பக்கம் வந்தபோது, மூலையிலிருந்து கணவரின் குரல் கேட்டது. பழக்கதோஷத்தில் வந்த குரல். வந்த பிறகு அவருக்கே அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அந்தக் கம்பெனியில மூணு வருஷம் முடிஞ்சதும் விலை ஏத்திடுவான்."

"ஏத்தட்டும்," என்றார் கடைக்காரம்மா, திரும்பிப் பார்க்காமலே. "இருந்து கட்டிக்கிறேன்."